பதினான்கு பை கொங்கிறீட்

கியூபெக்கின் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞருக்கு வாய் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பிரிவை உருவாக்கியபோதே, சாதாரண சனம் தன் வழக்கைத் தானே பேசட்டும் என்று எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். சிக்கலான சட்டக் கேள்வி ஏதும் எழுந்து, சிறப்பு அனுமதியும் கிடைத்தால் ஒழிய, கறுப்பு அங்கிக்கு அங்கே வேலை இல்லை. முன்கூட்டியே ஆலோசனை சொல்லலாம், கடிதம் எழுதிக் கொடுக்கலாம், விசாரணை நாளில் பார்வையாளர் வாங்கில் இருந்து நகத்தைக் கடிக்கலாம். நான் நடத்திய வழக்குகளை விட, அப்படி வாய் மூடி இருந்து பார்த்த ஒன்றுதான் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

தொழில் இரகசியம் கருதி ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். வீட்டுக்காரரின் சம்மதமும் வாங்கியிருக்கிறேன். தூண்களையும் கிடங்குகளையும் மட்டும் மாற்றவில்லை.

வீடு செயின்ட்-மிஷேலில், ஜாரி தெருவுக்கு வடக்கே. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம் என்று கட்டிய பழைய டியூப்ளெக்ஸ். பக்கவாசல் படியில் ஒவ்வொரு குளிர்காலமும் பனி உறைந்து, வீட்டுக்கார அம்மா ஒருமுறை விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன் பிறகுதான் யோசனை வந்தது: சுவரோடு சேர்த்து, யாழ்ப்பாணத்து வீடுகளில் பத்தி இறக்குவது போல ஒரு கூரை, வெளிப்பக்கம் நாலு தூண். வாசலுக்கும் நிழல், காருக்கும் நிழல். ஊர்க்காரர் ஒருவர் இங்கே கட்டட வேலை செய்கிறார், கை சுத்தம், விலையும் சகாயம். பதினோராயிரத்து ஐந்நூறு டொலருக்குப் பேசி முடித்தார்கள். எழுத்து இல்லை, பில் இல்லை, வரி இல்லை. பேச்சு முழுக்க வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும், கோயில் வாசலிலும்.

இலையுதிர் காலத்தில் வேலை முடிந்தது. முதல் குளிர்காலத்தின் கடைசியில் சுவரும் கூரையும் சந்திக்கிற இடத்தில் ஒழுக்கு. கட்டியவர் வந்து சிலிக்கோன் அடித்துவிட்டுப் போனார். வைகாசியில் ஒழுக்கு தானாக நின்றது. இரண்டாம் குளிர்காலம் மாசி மாதத்தில், நடு இரண்டு தூண்களும் மற்றவற்றை விட உயர்ந்து, வளை முறுகி, சுவரில் பொருத்தியிருந்த நீட்டு மரத்தின் ஆணிகள் செங்கல்லோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. கூரை நிலத்திலிருந்து எழும்பி வீட்டைத் தள்ளுகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். முதலில் நான் நம்பவில்லை. ஒரு கூரை பாரத்தால் தாழலாம், எழும்புமா?

எழும்பும். இந்த ஊரில் கட்டடம் கட்டுகிற எவரும் முதலில் படிக்கிற பாடம் அது. மண்ணில் இருக்கும் நீர் உறையும்போது சற்று விரிகிறது என்பது உண்மைதான், ஆனால் பெரிய சேதம் அதனால் வருவதில்லை. வண்டல் கலந்த நுண்மண்ணில் உறைகிற பகுதி, கீழேயுள்ள உறையாத மண்ணிலிருந்து நீரை மேலே மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகச் சேர்ந்து, மேலே இருப்பதை எல்லாம் தூக்கும். போதாததற்கு, உறைந்த மண் கொங்கிறீட் தூணின் பக்கங்களை இறுகப் பற்றிக்கொண்டு தன்னோடு இழுத்துக்கொண்டும் போகும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த பென்னர் என்பவர் 1962இலும், பிறகு இன்னொருவரோடு சேர்ந்து 1970இலும், இதைப் பற்றிச் சில பக்கங்களில் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. எஞ்சினியர் அல்லாத எனக்கே விளங்கும்படி எழுதிய மனிதர். இரண்டையும் அச்சடித்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனையால் கோடிட்டு, கடைசியில் என்னை விட நன்றாகப் படித்துவிட்டார்.

இதற்குப் பரிகாரம் ஒன்றும் இரகசியம் இல்லை. உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். மொன்றியலில் நாலரை அடி, ஐந்து அடி என்று தோண்டுவார்கள். மட்டைக் குழாயை, அதாவது எல்லோரும் சோனோடியூப் என்று சொல்வதை, கிடங்கில் இறக்கி, அடியில் யானைக்கால் போல அகன்ற ஒரு பாதம் வைத்து, காற்றுக் குமிழி சேர்த்த கொங்கிறீட்டை ஊற்றுவார்கள். குழாயின் வழவழப்பான வெளிப்பக்கத்தை மண் பற்றுவது குறைவு, அகன்ற பாதம் மேலே இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். அல்லது திருகுத் தூண், அதாவது இரும்புக் குழாயை இயந்திரத்தால் மண்ணுக்குள் திருகி இறக்குவது. கியூபெக்கில் இப்போது பின்வளவு வேலைகளில் பாதி அதுதான் என்று தோன்றும்.

சட்டத்தில் முதல் தடை ஒரு வருடக் கணக்கு. கட்டியவரின் மகன் பிரெஞ்சில் நன்றாகப் படித்தவன். நாங்கள் அனுப்பிய முறையான கோரிக்கைக் கடிதத்துக்கு அவன் எழுதிய பதில் இரண்டே வரி: வேலைக் குறைபாட்டுக்கு உத்தரவாதம் ஒரு வருடம், அது முடிந்துவிட்டது. 1994 தை 1 முதல் நடைமுறையில் இருக்கும் கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 2120ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பையன் ஒரு பக்கம் முன்னால் போயிருந்தால் 2118ஐயும் பார்த்திருப்பான். கட்டடம் முடிந்த ஐந்து ஆண்டுக்குள் அது சிதைந்தால் கட்டியவர் பொறுப்பு. காரணம் வரைபடமாக இருக்கலாம், கட்டிய முறையாக இருக்கலாம், மண்ணின் குறையாகவும் இருக்கலாம். மண் சரியில்லை என்பது அந்தப் பிரிவின்படி தப்பும் வழி அல்ல, பொறுப்பு பிறக்கும் காரணங்களில் ஒன்று. நிலத்தை அறிந்து கட்டுவது கட்டுகிறவனின் வேலை என்று பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து வந்த மிகப் பழைய நினைப்பு அது.

ஆனால் 2118ஐப் பிடிக்க வேண்டுமானால் சும்மா ஒழுக்கு போதாது. கட்டுமானத்தின் உறுதியையே பாதிக்கிற குறை இருக்க வேண்டும். எஞ்சினியர் ஒருவரை வைத்து ஒரு பக்கக் கடிதம் வாங்கச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, தூண்களைப் பற்றி எழுதுமுன்னரே இன்னொன்றை எழுதினார்: நீட்டு மரத்தை வீட்டின் மரச்சட்டத்தில் பொருத்தாமல் வெளியே அலங்காரமாக நிற்கும் செங்கல் தோலில் பொருத்தியிருக்கிறார்கள். பனிப் பாரமும் சாதாரணம் இல்லை. கட்டடச் சட்டக்கோவை மொன்றியலுக்குக் கணக்கிடும் நிலப்பனி 2.6 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு இருநூற்று அறுபது கிலோவுக்கு மேல். கூரைக்கு அதில் ஒரு பங்கைத்தான் எடுப்பார்கள் என்றாலும், மேல்மாடிக் கூரையிலிருந்து சரிந்து விழுகிற பனி அந்தக் கணக்கைத் திரும்ப ஏற்றிவிடும். 2008 பங்குனியில் மொறின்-ஹைட்ஸில் பனிப் பாரத்தால் ஒரு களஞ்சியக் கூரை விழுந்து மூன்று பெண்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இரண்டு கார் நிற்கிற இடத்தின் கூரைதானே என்று அலட்சியமாகச் சொன்ன வீட்டுக்காரர், அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு காரை வீதியில் விடத் தொடங்கினார்.

அவருக்கு வழக்கை விட வேறொரு பயம். "தம்பி, காசாக் குடுத்தது. பில் இல்லை. ஜட்ஜ் என்னைப் பிடிச்சு உள்ள போட்டிடுவாரோ?"

ஐந்து சதவீதமும் 9.975 சதவீதமும் வரி கட்டாமல் மிச்சம் பிடித்ததில் இருவருக்கும் பங்கு. நான் சொன்னது ஒன்றுதான்: கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ, கேட்காவிட்டால் நீங்களாகப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். எழுத்தில்லாத ஒப்பந்தத்தை நிரூபிப்பது பற்றி எனக்குக் கவலை குறைவு. பொதுவாக ஆயிரத்து ஐந்நூறு டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை வாய்ச் சாட்சியால் நிரூபிக்க முடியாது. ஆனால் தொழிலாக வேலை செய்கிறவருக்கு எதிராக முடியும், 2862ஆம் பிரிவு அதற்கு இடம் விட்டிருக்கிறது. தவிர, குரல் பதிவுகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் கட்டியவரே விலையையும் தூண் எண்ணிக்கையையும் சொல்லி, நடுவில் தன் மகளின் பிறந்தநாளுக்கும் அழைத்திருந்தார்.

அவருக்குக் கியூபெக் கட்டட ஆணையத்தின் உரிமம் இல்லை. உரிமம் உள்ளவர் கட்டாயம் ஒரு பிணைத்தொகை வைத்திருக்க வேண்டும், சிறப்பு வேலைக்காரருக்கு இருபதாயிரம், பொதுக் கட்டடக்காரருக்கு நாற்பதாயிரம். வேலை பிழைத்தால் அதிலிருந்து கேட்கலாம். ஊர்க்காரர் என்பதால் உரிமம் கேட்கவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். உரிமம் கேட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும் என்றும் சொன்னார். இரண்டாவது காரணம்தான் உண்மையானது என்று நினைக்கிறேன்.

இனித்தான் வழக்கின் நடு. கிடங்கு எவ்வளவு ஆழம்?

ஐந்தடி தோண்டியதாகக் கட்டியவர் முதலில் சொன்னார். மத்தியஸ்தத்தில், அது சிறு கோரிக்கைப் பிரிவில் இலவசம், கதை சற்று மாறியது. அலவாங்கு இரண்டாம் அடியிலேயே கல்லில் பட்டது, கல்லில் வைத்த தூண் ஏன் எழும்பும் என்று கேட்டார். எங்கள் தரப்பு நம்பிய அளவுக்கு அது முட்டாள்தனமான கேள்வி அல்ல. தேசியக் கட்டடச் சட்டக்கோவையில் அத்திவார ஆழத்துக்கு ஒரு அட்டவணை உண்டு. அதில் பாறைக்குக் குறைந்தபட்ச ஆழம் எதுவும் கிடையாது. பாறை நீரை உறிஞ்சி எழும்புவதில்லை. களிக்கும், என்ன மண் என்று தெளிவாகத் தெரியாத நிலத்துக்கும்தான் 1.2 மீட்டர், அதுவும் உறைபனி ஆழத்துக்குக் குறையாமல். உண்மையாகவே பாறை என்றால் அவர் பக்கம் சட்டம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் வேலை பழகிய ஒருவர் அப்படி நினைப்பதில் ஆச்சரியமும் இல்லை. அங்கே நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல், பல இடங்களில் மண்வெட்டி போட்டவுடன் வந்துவிடும். கல் வந்தால் மேசன்மார் சந்தோசப்படுவார்கள், அத்திவாரத்துக்கு அதைவிட நல்ல தளம் இல்லை. உறைபனி என்ற சொல்லே அங்கே இல்லை. செயின்ட்-மிஷேலும் சுண்ணாம்புக்கல் நாடுதான். அந்த ஊரின் நடுவில் இரண்டு பெரிய கிடங்குகள் இருக்கின்றன. ஒன்று மிரோன் கற்குழி. கல் வெட்டி, சீமெந்து செய்து, பிறகு நகரத்துக் குப்பையை எல்லாம் வாங்கிக்கொண்டு, இப்போது ஃப்ரெடெரிக்-பாக் பூங்காவாக இருக்கிறது. குப்பையிலிருந்து எழும் வாயுவைப் பிடிக்கிற கிணறுகளுக்கு மேல் வெள்ளை உருண்டைகள் வைத்திருப்பார்கள், முதலில் பார்ப்பவர் அதைக் கலைப்படைப்பு என்று நினைப்பார். மற்றது ஃப்ராங்கோன். நகரம் தன் வீதிப் பனியை லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டுவதில் அதுவே மிகப் பெரிய இடம். கோடையிலும் அந்த அழுக்குப் பனிமலை கரையாமல் நிற்கும்.

கட்டியவரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "இங்க கல் இல்லையெண்டால் மிரோன்காரர் அத்தனை வருசம் எதை வெட்டினவை?"

மத்தியஸ்தர் சிரித்துவிட்டார். எங்களுக்கு அது சிரிப்பு வரும் கேள்வியாக இருக்கவில்லை. சமரசம் நடக்கவில்லை. தூண்களைச் சற்று அறுத்து மட்டம் செய்து தருகிறேன் என்று கட்டியவர் சொன்னதை வீட்டுக்காரர் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் கோடையில் தூண் தாழும்போது கூரை தொங்கியிருக்கும்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்காரரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கட்டியவரின் ஆட்கள் விட்டுப்போன வெறும் வாளி, பழைய கையுறை, அதற்குள் கசங்கிய ஒரு கடைப் பற்றுச்சீட்டு. வீட்டுக்காரர் குப்பையில் போடப் போனதை அவர் பிடுங்கி வைத்திருந்தார். "அக்கா, இதை ஏன் வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். "காசு விசயத்தில துண்டு எறியப்படாது தம்பி" என்றார். கணவர் பதினோராயிரத்து ஐந்நூறைத் துண்டில்லாமல் கொடுத்த அதே வீட்டில் இப்படி ஓர் ஆள்.

சீட்டில் இருந்தவை: முப்பது கிலோ தயார்க் கொங்கிறீட் பை, பதினான்கு. பன்னிரண்டு அங்குல விட்டம், பன்னிரண்டு அடி நீளமுள்ள மட்டைக் குழாய், ஒன்று. திகதி, வேலை நடந்த அதே நாள்.

இதற்கு எஞ்சினியர் தேவையில்லை, ஆறாம் வகுப்புக் கணக்குப் போதும். பன்னிரண்டு அடிக் குழாயை நாலாக வெட்டினால் ஒன்று மூன்று அடிக்கு மேல் இராது. அதில் நிலத்துக்கு மேல் அரை அடி நிற்கிறது. ஐந்தடி என்ற கதை அங்கேயே முடிந்தது. பைகளைப் பார்த்தால் இன்னும் மோசம். முப்பது கிலோப் பை ஒன்று தண்ணீர் சேர்த்துக் குழைத்தால் ஏறக்குறைய பதினான்கு லீற்றர் கொங்கிறீட் தரும். முப்பது சென்ரிமீட்டர் விட்டமுள்ள குழாயை ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நிரப்ப நூற்றைந்து லீற்றருக்கு மேல் வேண்டும், எட்டுப் பை. நாலு தூணுக்கு முப்பத்திரண்டு, யானைக்கால் பாதம் வைத்தால் இன்னும் கூட. பதினான்கு பையை நாலால் வகுத்தால் தூணுக்கு ஐம்பது லீற்றர்கூட இல்லை. அது எழுபது சென்ரிமீட்டர் உயரம். நிலத்துக்கு மேலே தெரிவதைக் கழித்தால் மண்ணுக்குள் இருப்பது இரண்டடிக்கும் குறைவு.

மிச்சப் பைகளும் குழாயும் வேறொரு வேலையிலிருந்து கொண்டுவந்தவை என்று கட்டியவர் சொல்லக்கூடும். சொன்னார். அதற்காகத்தான், வழக்கு விசாரணைக்கு முன், வெயில் காலத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டிப் பார்க்கச் சொன்னேன். முதலில் இன்ஃபோ-எக்ஸ்கவேஷனுக்கு அறிவித்து நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே போகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். கட்டியவருக்கும் எழுத்தில் நாள் அறிவித்து, வந்து பார்க்கும்படி அழைக்க வேண்டும். தனியாகத் தோண்டினால் பிறகு நீயே மண்ணை அள்ளினாய் என்பார்கள். மகன் வந்தான், தகப்பன் வரவில்லை. எஞ்சினியர் அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்தார். தூணின் அடி ஐம்பத்தைந்து சென்ரிமீட்டரில் இருந்தது. பாதம் கிடையாது. அதன் கீழே கல் இருந்தது, கட்டியவர் பொய் சொல்லவில்லை. ஒரு பெரிய பலகைக் கல். அதன் கீழே அலவாங்கை விட்டு நெம்பியதும் அது அசைந்தது. அடியில் ஈர வண்டல், செங்கல் உடைசல், ஒரு துருப்பிடித்த தகரப்பேணி. எப்போதோ காணியை நிரப்பியபோது உள்ளே போன கல்.

தகரப்பேணியைப் பார்த்த மகன் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பொழுதிலேயே வழக்கு முடிந்திருக்கலாம். தகப்பனின் மானம் இடம் கொடுக்கவில்லை.

விசாரணைக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். கோரிக்கைத் தொகையைப் பதினைந்தாயிரத்துக்குக் குறைத்திருந்தோம், 2015 முதல் சிறு கோரிக்கைப் பிரிவின் வரம்பு அதுதான். கூரை முழுவதையும் புதிதாகப் போடுவதற்கான விலையைக் கேட்டு மேல் பிரிவுக்குப் போயிருந்தால் எனக்கு வாய் கிடைத்திருக்கும், அவருக்குச் செலவு கிடைத்திருக்கும். நோத்ர்-டாம் தெருவில் இருக்கும் நீதிமன்ற மாளிகையின் மேல்மாடியில் ஒரு சிறிய அறை. வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் பேசினார், எதிர்த்தரப்பு மகன் பிரெஞ்சில். கியூபெக் நீதிமன்றங்களில் இந்த இரண்டு மொழிகளில் எதிலும் பேசலாம், 1867 அரசியலமைப்பு தந்த உரிமை. இரண்டு தமிழர்கள் இரண்டு மொழியில் சண்டையிட, நடுவில் நீதிபதி அம்மையார் இரண்டிலும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

பணம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று கேட்டார். காசாக என்றார் வீட்டுக்காரர். பில்? இல்லை. அம்மையார் கண்ணாடிக்கு மேலால் இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வையில் வரித்திணைக்களம் முழுவதும் இருந்தது. எழுதிக்கொண்டு மேலே போனார்.

பாறை என்ற வாதத்தை மகன் நன்றாகவே எடுத்தான். அட்டவணையை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான், பாறைக்கு வரம்பில்லை என்ற வரியில் மஞ்சள் அடித்து. மிரோன் கற்குழியையும் விடவில்லை. நீதிபதி படங்களைத் திரும்பப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: கற்குழி இருக்கிற இடம் எனக்குத் தெரியும், உங்கள் கிடங்கில் இருப்பது அந்தப் பாறைதான் என்று அன்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? மகன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் தமிழில், "சத்தத்தில தெரியும்" என்றார். அவன் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டான்.

அடுத்து அவர்கள் பிடித்தது 2119. வேலை கொடுத்தவர் தானே வற்புறுத்திய முடிவால் குறை வந்தது என்று காட்டினால் கட்டியவர் தப்பலாம். "அண்ணைதான் விலையைக் குறைக்கச் சொன்னவர்." உண்மைதான், குறைக்கச் சொன்னார். ஆனால் விலை பேசுவது வேறு, ஆழத்தைத் தீர்மானிப்பது வேறு. அத்திவாரம் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், இப்படிச் செய்தால் தூக்கும் என்று எச்சரிக்கப்பட்ட பிறகும் தானே வேண்டுமென்று ஆழத்தைக் குறைத்தார் என்று காட்டாதவரை அந்தப் பிரிவு உதவாது. அப்படியான பேச்சே நடக்கவில்லை. கல்லில் பட்டதைக்கூட வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை.

என் கடித வரைவில் இந்த இடத்துக்காக ஒரு பழைய தீர்ப்பைச் சேர்த்திருந்தேன்: மொன்றியல் வங்கிக்கும் பெய்ல் நிறுவனத்துக்கும் இடையே 1992இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் கொன்த்தியே எழுதியது. அங்கே ஹைட்ரோ-கியூபெக்கிடம் மண் பற்றிய தகவல் இருந்தது, அதைத் துணை ஒப்பந்தக்காரருக்குச் சொல்லவில்லை. அவர் அந்த மண்ணில் நட்டப்பட்டு நொடித்துப்போனார். நிலத்தைப் பற்றி அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் காணிக்காரன் மௌனமாக இருந்தான், எங்கள் வழக்கில் கிடங்கு வெட்டியவர். வீட்டுக்காரர் அந்தப் பெயரைச் சொல்லும்போது தடுமாறினார். நீதிபதி, எனக்குத் தெரியும், உட்காருங்கள் என்றார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மனப்பாடம் செய்ய வைத்தது என் பேராசை. அவருடைய பலம் வேறிடத்தில் இருந்தது, பைக்கணக்கில்.

அதை அவர் தன் பாணியில் சொன்னார். மேசையில் சீட்டை வைத்து, கையால் ஒரு குழாய் செய்து காட்டி, எட்டு எட்டாக எண்ணி, "திஸ் இஸ் த்ரீ அண்ட் எ ஹாஃப் பாக்ஸ் ஒன்லி, மேடம்" என்று முடித்தபோது நீதிபதி கணக்குப்பொறியை எடுத்துத் தானே பெருக்கிப் பார்த்தார். மிச்சப் பைகளை வேறு வேலையிலிருந்து கொண்டுவந்ததற்குச் சீட்டு இருக்கிறதா என்று எதிர்த்தரப்பிடம் கேட்டார். இல்லை. பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்கார அம்மா சாட்சி சொல்ல வந்திருந்தார். நாலு கிடங்கும் வெட்டி, கொங்கிறீட்டும் ஊற்றி, ஒரே பின்னேரத்தில் போய்விட்டார்கள் என்றார். கேட்காமலே, அந்தக் கூரைப் பனி என் பக்கம் சரிகிறது என்றும் முறையிட்டார். 983ஆம் பிரிவின்படி கூரை நீரும் பனியும் சொந்தக் காணியிலேயே விழ வேண்டும், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நல்லவேளை, அன்று வழக்கு அது அல்ல.

கட்டியவர் கடைசியாகக் கேட்டதை நான் இன்னும் இரசிக்கிறேன். பனி மேலே பாரமாக இருக்கும்போது தூண் எப்படி மேலே வரும்? எஞ்சினியர் கடிதத்தில் அதற்குப் பதில் இருந்தது. கூரையும் மரமும் சேர்ந்து ஒரு தூணுக்குத் தரும் பாரம் சில நூறு கிலோ. பனி நிறைந்த நாட்களில் கூடும். ஆனால் மண் உறைந்து தூக்கும் விசை தொன் கணக்கில் வரும். அதைவிட விசித்திரமான ஒன்றையும் அவர் எழுதியிருந்தார். வளவின் மற்ற இடங்களில் மண்ணை மூடியிருக்கும் பனி ஒரு போர்வை, அது குளிரை உள்ளே விடாது. கூரைக்குக் கீழே அந்தப் போர்வை இல்லை. வெறும் மண் வெளியிலுள்ள மண்ணை விட ஆழமாக உறையும். தூணை நிறுத்தியவர் அந்தக் கூரையாலேயே தன் அத்திவாரத்துக்கு எதிராக வேலை செய்திருக்கிறார். வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயும் நடுத் தூண்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஏன் அந்த இரண்டும் அதிகம் எழும்பின என்பதற்குப் பதில் அது.

தீர்ப்பு தபாலில் வந்தது. அத்திவாரம் நாலையும் தோண்டி எடுத்து மறுபடி போடுவதற்கும், நீட்டு மரத்தை வீட்டுச் சட்டத்தில் பொருத்துவதற்கும், எஞ்சினியர் கூலிக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக நீதிபதி கொடுத்தார். மன உளைச்சலுக்குக் கேட்டதைக் கொடுக்கவில்லை. நகரசபை அனுமதிக்கும் வரைபடத்துக்குமான செலவையும் கொடுக்கவில்லை. அனுமதி எடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு, நன்றாகக் கட்டியிருந்தாலும் அந்தச் செலவு அவருக்குத்தான் என்று எழுதியிருந்தார். அனுமதி எடுக்கவே இல்லை என்பதை அவர் கவனிக்காமல் விடவில்லை. வில்லரே–செயின்ட்-மிஷேல்–பார்க்-எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தால், அங்கே ஒருவர் தூண் ஆழத்தைக் கேட்டிருப்பார். இந்த வழக்கே வந்திருக்காது. சிறு கோரிக்கைத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

பணம் தவணையில் வந்தது, நீதிமன்றப் பறிமுதல் அதிகாரி தேவைப்படவில்லை. மறுவேலையை உரிமம் உள்ள வேறொருவர் செய்தார். முதலில் திருகுத் தூண் இறக்கிப் பார்த்து, நிரப்பிய கற்களில் முட்டிக்கொண்டு, பிறகு சிறிய தோண்டு இயந்திரம் கொண்டுவந்து ஐந்தடிக்கு வெட்டி, பாதம் வைத்துக் கொங்கிறீட் ஊற்றினார். ஒரு கிடங்கில் உண்மையான பாறை நாலடியில் வந்தது. அதை வீட்டுக்காரர் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் கொஞ்சம் வருத்தம்: "அவர் முழுக்கப் பொய் சொல்லயில்லை தம்பி."

அடுத்த வசந்தத்தில் கட்டியவரே என்னை அழைத்தார். கோபம் ஒன்றும் இல்லை. இனி எல்லாம் எழுத்தில் செய்யப் போகிறாராம், உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிட்டாராம். "தம்பி, எனக்கும் ஒரு தாள் எழுதித் தாரும். மண்ணுக்கு நான் பொறுப்பில்லை எண்டு ஒரு வரி போட்டு." உங்களுக்கு எதிராக வேலை செய்த நான் இதை எழுதக்கூடாது, வேறொருவரைக் காட்டுகிறேன் என்றேன். ஆனால் ஒன்றைச் சும்மா சொன்னேன்: அந்த வரியை யார் எழுதினாலும் நிற்காது. ஐந்தாண்டுப் பொறுப்பைக் கையெழுத்து வாங்கி நீக்க முடியாது, சட்டம் அதை விலைபேச விடாது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப, ஒரு கிடங்குக்கு எவ்வளவு கூடக் கேக்கலாம்?" என்றார்.